மூன்று மாத மாத்திரை

2002-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சிறு ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைப்பேறு தள்ளிப்போய்க்கொண்டிருந்த 103 ஆண்களையும் அந்தச் சிக்கல் இல்லாத 108 ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, சிலருக்கு ஃபோலிக் அமிலம், சிலருக்குத் துத்தநாகம், சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என 26 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சிக்கல் இருந்தவர்களில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, ஒழுங்கான வடிவமுள்ள விந்தணுக்களின் மொத்த எண்ணிக்கை 74 சதவீதம் கூடியிருந்தது. ஃபோலிக் அமிலம் கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரை. துத்தநாகம் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது. இவ்வளவு மலிவான இரண்டு பொருள்களால் இவ்வளவு பலன் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த 74 என்ற எண் பிறகு பல ஆண்டுகள் மேற்கோளாக உலா வந்தது. அந்த ஆய்வு எண்ணியது விந்தணுக்களை. குழந்தைகளை எண்ணுவது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

இன்று தமிழகத்தின் எந்தக் கருத்தரிப்பு மையத்துக்குப் போனாலும், ‘கவுன்ட் கம்மி’ என்றோ ‘மொட்டிலிட்டி சரியில்லை’ என்றோ விந்துப் பரிசோதனை முடிவு வந்துவிட்டால், மருந்துச்சீட்டில் ஏறுவது பெரும்பாலும் ஒரு கூட்டு மாத்திரைதான். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: கோஎன்சைம் கியூ-10, எல்-கார்னிடின், லைகோபீன், துத்தநாகம், செலினியம், வைட்டமின் சி, வைட்டமின் இ, ஃபோலிக் அமிலம். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆன்டிஆக்ஸிடன்ட். மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். மூன்று மாதக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. விரைக்குள் ஒரு மூல அணு விந்தணுவாக உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது என்று 1963-ல் ஹெல்லரும் கிளெர்மோன்ட்டும் கணக்கிட்டார்கள். அது விரைமேற்குழாயில் பயணப்பட்டு முதிர இன்னும் சில நாள். இன்று விழுங்கும் மாத்திரை எதையாவது மாற்றுமென்றால், அது தெரிய மூன்று மாதம் ஆகும்.

ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில், ஆண்மைக் குறைவுக்கு லேகியம் தரும் வைத்தியர் எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் தங்கியிருப்பார் என்று கட்டம் கட்டி விளம்பரம் வரும். அந்த லேகியத்தோடு இந்த மாத்திரையை ஒரே தட்டில் வைப்பது அநியாயம். லேகியத்துக்குப் பின்னால் ரகசியம் மட்டுமே இருந்தது. மாத்திரைக்குப் பின்னால் எண்பது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது, அந்த ஆராய்ச்சி உண்மையானதும்கூட. அடிப்படை அறிவியல் சரியாக இருந்தும் மாத்திரை ஏன் கைகொடுக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

1943-ல் ஜான் மெக்லியாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித விந்தணுக்களை ஆக்ஸிஜன் மிகுந்த சூழலில் வைத்துப் பார்த்தார். ஓடியாடும் உயிரணுவுக்கு ஆக்ஸிஜன் கூடினால் தெம்பு கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேரெதிர்: அவை நீந்தும் ஆற்றலை இழந்தன. கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்த்தபோது அந்த ஆற்றல் காப்பாற்றப்பட்டது. கேட்டலேஸின் வேலை ஹைட்ரஜன் பெராக்சைடை உடைப்பது. ஆகவே விந்தணு ஆக்ஸிஜனைக் கொண்டு பெராக்சைடை உண்டாக்குகிறது, அந்தப் பெராக்சைடே அதை முடக்குகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். முதுமைக்கும் நோய்க்கும் தறிகெட்டுத் திரியும் ‘ஃப்ரீ ராடிக்கல்’ மூலக்கூறுகளே காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் எழுதியது 1956-ல். அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே விந்தணுவில் இது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

விந்தணு ஏன் இவ்வளவு எளிதில் அடிபடுகிறது என்பது அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. வால் சுழன்று அடிக்க வேண்டும், தலை முட்டையின் சவ்வோடு கலக்க வேண்டும். அதனால் அதன் சவ்வு இளகியதாக இருக்க வேண்டும். அந்த இளக்கத்தைத் தருபவை நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள், குறிப்பாக மீன் எண்ணெயில் இருக்கும் அதே டி.எச்.ஏ. சமையலறையில் தேங்காய் எண்ணெய் மாதக்கணக்கில் தாங்கும், மீன் எண்ணெயோ திறந்து வைத்தால் சீக்கிரம் காறிவிடும். நிறைவுறாத பிணைப்புகள் கூடக்கூட ஆக்ஸிஜன் தாக்குவதற்கு இடம் கூடுகிறது. விந்தணுவின் சவ்விலும் நடப்பது இதே வேதியியல்தான். ராய் ஜோன்ஸ், ததேயுஸ் மான், ரிச்சர்ட் ஷெரின்ஸ் மூவரும் 1979-ல் மனித விந்தணுவில் இந்தக் கொழுப்புச் சிதைவை அளந்து, அது கூடும்போது அசைவு குறைவதைக் காட்டினார்கள்.

மற்ற உயிரணுக்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, ஆனால் அவற்றின் சைட்டோபிளாசத்தில் கேட்டலேஸ் போன்ற காவல் நொதிகள் நிறைந்திருக்கின்றன. விந்தணுவோ நீந்துவதற்காகத் தன் சுமையை எல்லாம் கழற்றி எறிந்துவிட்ட அணு. சைட்டோபிளாசம் போகும்போது காவலும் போய்விடுகிறது. அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டவைக்கும் ஆற்றலும் அதற்கு ஏறக்குறைய இல்லை. அதைச் சுற்றியிருக்கும் விந்துநீர்தான் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பல நொதிகள் ஆகியவற்றைக் கொண்டு அதைக் காக்கிறது.

1987-ல் எடின்பரோவில் ஜான் எய்ட்கனும் கிளார்க்சனும், குறைபாடுள்ள விந்தணுக்களே பெராக்சைடு போன்ற வீரியமிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை அதிகமாக வெளியிடுகின்றன என்று காட்டினார்கள். சரியாக முதிராமல் சைட்டோபிளாசம் ஒட்டிக்கொண்டிருக்கும் விந்தணுக்கள் ஒரு மூலம். தொற்று இருந்தால் விந்தில் திரளும் வெள்ளணுக்கள் இன்னொரு மூலம். புகை, வெரிகோசில் எனப்படும் சிரைப் புடைப்பு, உடற்பருமன், வெப்பம் எல்லாம் இந்தப் பட்டியலில் பின்னர் சேர்ந்தன. ஆக்ஸிஜன் மூலக்கூறு கெடுக்கிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் அதைத் தடுக்கும், எனவே ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுப்போம் என்ற மூன்று படி யோசனை இங்கிருந்து பிறந்தது. வைட்டமின் இ-க்கு இதில் ஒரு பழைய உரிமையும் இருந்தது. 1922-ல் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேதரின் பிஷப்பும் அதைக் கண்டுபிடித்ததே, அது இல்லாத உணவைத் தின்ற பெண் எலிகளின் கரு வயிற்றிலேயே கரைந்துபோனதைக் கவனித்துத்தான். குறைபாட்டால் எலி மலடானதற்கும், குறைபாடே இல்லாத மனிதனுக்கு மேலும் மேலும் கொடுப்பதற்கும் தொடர்பில்லை. மருந்து விற்பனையில் இந்த இரண்டும் சேர்ந்தே பேசப்படும்.

மூன்று படி யோசனையில் முதல் விரிசல் 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்தது. மான்ட்ரியாலில் ஈவ் தெ லாமிராந்தும் குளோத் கான்யோனும், விந்தணு முட்டையைத் துளைக்கத் தகுதி பெறும் கட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியேறிய உடனே விந்தணுவால் கருவுறச் செய்ய முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் அது மாற்றங்களுக்கு உள்ளாக வேண்டும், வால் மூர்க்கமாக அடிக்கத் தொடங்க வேண்டும், தலையின் தொப்பி கழல வேண்டும். இந்த மாற்றங்களைத் தொடங்கி வைப்பது சிறிதளவு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளே என்று அவர்கள் கண்டார்கள். அவற்றை நொதியால் முற்றிலும் துடைத்தெடுத்தபோது மாற்றமே நடக்கவில்லை. மெக்லியாட் விஷமாகக் கண்ட அதே பொருள், குறைந்த அளவில், விந்தணுவுக்கு வேலை தொடங்குவதற்கான ஆணை. எவ்வளவு குறைந்தது நல்லது, எவ்வளவு கூடினால் கெடுதல், அந்தக் கோடு ஆளுக்கு ஆள் எங்கே இருக்கிறது என்பவை மாத்திரை அட்டையில் இடம்பெறுவதில்லை.

மனிதர்கள் மீதான சோதனைகள் ஆரம்பத்தில் உற்சாகம் தந்தன. சவூதி அரேபியாவில் 1996-ல் வெளிவந்த ஆய்வில், நீந்தும் திறன் குறைந்த விந்தணு கொண்ட ஆண்களுக்கு வைட்டமின் இ கொடுத்ததில் 52 பேரில் 11 பேரின் மனைவியர் கருவுற்றார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவர் வீட்டிலும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து ஜெர்மனியின் மூன்ஸ்டரில், தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 800 மில்லிகிராம் வைட்டமின் இ என்ற பெரிய அளவில் 56 நாள் கொடுத்தார்கள். எதுவும் அசையவில்லை. 2005-ல் எர்மான்னோ கிரெக்கோ குழு, டி.என்.ஏ. அறுந்த விந்தணு அதிகமிருந்த 64 ஆண்களில் மாத்திரை பெற்றவர்களிடம், இரண்டு மாத வைட்டமின் சி, இ சிகிச்சைக்குப் பின் அந்த அறுந்த விந்தணுக்களின் பங்கு 22.1 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாக இறங்கியதாக அறிவித்தது. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். எல்லாமே முப்பது, அறுபது, நூறு பேரை வைத்துச் செய்தவை.

இந்தச் சிறிய ஆய்வுகளை நம்புவதில் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரே ஆணின் விந்தணு எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் தாறுமாறாக மாறும். கடைசி உறவுக்குப் பின் எத்தனை நாள் ஆயிற்று, போன மாதம் காய்ச்சல் வந்ததா, கோப்பையில் முழுதும் விழுந்ததா என்பதெல்லாம் அதைப் பல மடங்கு ஏற்றும் இறக்கும். அதனால்தான் ஒரு முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, மறுமுறை பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் விதி. இப்போது, முதல் பரிசோதனையில் எண்ணிக்கை குறைந்த நூறு பேரைப் பொறுக்கி எடுங்கள். அவர்களில் சிலர் உண்மையாகவே குறைவானவர்கள். மற்றவர்கள் அன்றைக்கு மட்டும் குறைந்தவர்கள். மூன்று மாதம் கழித்து இந்த நூறு பேரையும் மறுபடி அளந்தால், எந்த மாத்திரையும் இல்லாமலே சராசரி ஏறியிருக்கும். அன்றைக்கு மட்டும் குறைந்தவர்கள் தங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருப்பார்கள். மாத்திரை சாப்பிட்டவர் இந்த ஏற்றத்தை மாத்திரையின் கணக்கில் எழுதுவார், எழுதிக்கொடுத்த மருத்துவரும் அப்படியே. இருவரும் நேர்மையானவர்களாக இருந்தும் இது நடக்கும். ‘நான் சாப்பிட்டேன், கவுன்ட் ஏறியது’ என்ற சாட்சியம் எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் ஆதாரமாகாமல் போவது இதனால்தான். வெற்று மாத்திரை சாப்பிட்ட ஒரு குழு பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், ஆட்களும் நிறைய இருக்க வேண்டும்.

அப்படி ஒன்றை நடத்தியது அமெரிக்க அரசின் குழந்தைநல ஆய்வு நிறுவனம். நெதர்லாந்துக்காரர்கள் சோதித்த அதே ஜோடி: தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், 30 மில்லிகிராம் துத்தநாகம், ஆறு மாதம். 2013 முதல் 2017 வரை நான்கு மையங்களில் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியரைச் சேர்த்தார்கள். முடிவு 2020 ஜனவரியில் ‘ஜாமா’ இதழில் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களின் குடும்பங்களில் குழந்தை பிறந்தது 404, அதாவது 34 சதவீதம். வெற்று மாத்திரைக் குழுவில் 416, 35 சதவீதம். எண்ணிக்கை, அசைவு, வடிவம் எதிலும் வித்தியாசமில்லை. வித்தியாசம் தெரிந்த ஒரே இடம் டி.என்.ஏ. சிதைவு. அதுவும் மாத்திரைக் குழுவில்தான் கூடுதல்: 29.7 சதவீதம், மற்றவர்களுக்கு 27.2. வயிற்று உபாதை, குமட்டல், வாந்தி எல்லாம் மாத்திரைக் குழுவில் ஏறக்குறைய இரட்டிப்பு. எழுபத்து நான்கு சதவீத ஏற்றம் எங்கே போனது என்று கேட்டால், அது முதலிலிருந்தே இருந்ததா என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வுக்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இதில் சேர்ந்த ஆண்கள் விந்துக் குறைபாட்டுக்காகப் பொறுக்கப்பட்டவர்களல்லர், பலருக்கு எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. பசியில்லாதவனுக்குச் சோறு போட்டுவிட்டு சோற்றால் பயனில்லை என்பதுபோல ஆகாதா? அதே 2020-ல் இன்னொரு அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது, ‘மோக்ஸி’ என்று பெயர். இதில் எண்ணிக்கை, அசைவு, வடிவம், டி.என்.ஏ. ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது கெட்டிருந்த ஆண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள், 171 தம்பதியர். கொடுத்தது நம் ஊர் மருந்துச்சீட்டில் இருக்கும் கூட்டு மாத்திரையின் அண்ணன்: வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் இ 400, எல்-கார்னிடின் 1,000, துத்தநாகம் 20, லைகோபீன் 10, கூடவே செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி. மூன்று மாத முடிவில் டி.என்.ஏ. சிதைவில் இரு குழுவுக்கும் வேறுபாடில்லை. விந்தணு அடர்த்தி மாத்திரைக் குழுவில் சற்று இறங்கி, வெற்று மாத்திரைக் குழுவில் சற்று ஏறியிருந்தது. குழந்தை பிறந்தது மாத்திரைக் குழுவில் 15 சதவீதம், மற்றதில் 24. ஆட்கள் குறைவு என்பதால் இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கலாம், ஒதுக்கவும் வேண்டும். மாத்திரை கெடுதல் செய்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. நன்மை செய்தது என்று சொல்ல ஒரு நூலிழையும் கிடைக்கவில்லை.

எல்லா ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துத் தொகுக்கும் காக்ரேன் குழு 2022-ல் 90 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 10,303 ஆண்களையும் அலசியது. விற்பவர்கள் மேற்கோள் காட்டுவது இந்தத் தொகுப்பைத்தான், அதற்கு இடமும் இருக்கிறது. வெற்று மாத்திரையோடு நூற்றுக்கு 16 தம்பதியருக்குக் குழந்தை பிறக்கும் இடத்தில், ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் அது 17 முதல் 27 வரை ஆகலாம் என்கிறது அது. அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும். குழந்தை பிறந்த கணக்கைத் தந்தவை 90-ல் வெறும் 12 ஆய்வுகள், 1,283 ஆண்கள். மேலே சொன்ன ‘ஜாமா’ ஆய்வு ஒன்றிலேயே இதைவிட ஏறக்குறைய இரு மடங்குத் தம்பதியர். அந்தப் பன்னிரண்டிலும் ஒருதலைச் சார்பு இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்பட்டவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தபோது பலன் நிற்கவில்லை. தொகுப்பாளர்களே சான்றின் தரத்துக்குத் தந்த மதிப்பெண் ‘மிகக் குறைவு’.

தொண்ணூறு ஆய்வு செய்து பன்னிரண்டில் மட்டும் குழந்தையைக் கணக்கெடுத்தது ஏன்? விந்தணுவை எண்ண ஒரு நுண்ணோக்கியும் மூன்று மாதமும் போதும். குழந்தையை எண்ண ஒன்றரை இரண்டு வருடம் தம்பதியரை விடாமல் தொடர வேண்டும், ஆட்களும் பல மடங்கு வேண்டும். எளிதில் அளக்க முடிந்ததையே அளந்து, அதையே பலன் என்று பேசி வந்திருக்கிறது இந்தத் துறை. விந்தணு எண்ணிக்கையின் எல்லைக்கோடும் அவ்வளவு உறுதியானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்று கீழ்வரம்பு சொல்கிறது. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வரிசைப்படுத்தி, அதில் கடைசி ஐந்து சதவீதத்தினர் நிற்கும் இடத்தில் போட்ட கோடு அது. அதற்குக் கீழே இருந்தவர்களும் அப்பாக்கள்தான். கோட்டுக்குக் கீழிருந்து மேலே ஏறிவிட்டால் ஒருவர் மலட்டுத்தன்மையிலிருந்து தேறிவிட்டதாகப் பொருளில்லை.

கெடுதல் பற்றி. ‘வைட்டமின்தானே, என்ன செய்துவிடப் போகிறது’ என்ற நினைப்பில்தான் இந்த மாத்திரைகள் எழுதப்படுகின்றன, வாங்கப்படுகின்றன. 2007-ல் பிரான்ஸில் இவ் மெனெசோ குழு 58 ஆண்களுக்கு 90 நாள் வைட்டமின் சி, இ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செலினியம் கொடுத்தது. டி.என்.ஏ. சிதைவு 19.1 சதவீதம் குறைந்தது, எதிர்பார்த்தபடியே. ஆனால் டி.என்.ஏ. சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும் இறுக்கம் தளர்ந்த விந்தணுக்கள் 22.8 சதவீதம் கூடின. விந்தணுவின் தலைக்குள் டி.என்.ஏ.வைக் கெட்டியாகப் பொதிந்து வைப்பவை புரோட்டமின் என்ற புரதங்கள். அந்தப் புரதங்களைப் பூட்டிப் பிணைக்கும் கந்தகப் பாலங்கள் உருவாவதே ஓர் ஆக்ஸிஜனேற்ற வினைதான். ஆன்டிஆக்ஸிடன்டை அள்ளிக் கொட்டினால் அந்தப் பூட்டே திறந்துகொள்ளலாம் என்பது மெனெசோவின் விளக்கம். சிறிய ஆய்வு, உறுதியான முடிவல்ல. ஆனால் எதை அளக்கிறோமோ அது சரியாகும்போதே, அளக்காத ஒன்று கெட்டுக்கொண்டிருக்கலாம் என்பதற்கு இது சாட்சி. செலினியமும் அப்படித்தான். 1999-ல் ஃபுல்வியோ உர்சினி குழு கண்டபடி, செலினியம் கொண்ட ஒரு நொதி விந்தணு முதிரும்போது தன் நொதி வேலையை விட்டுவிட்டு நடுப்பகுதியின் கட்டுமானப் பொருளாகவே மாறிவிடுகிறது. செலினியம் இல்லாமல் நல்ல விந்தணு இல்லை. தேவைக்கு மிஞ்சினால் அதே செலினியம் முடியை உதிர்க்கும், நகத்தை நொறுக்கும்.

விந்தணுவுக்கு வெளியே இந்தக் கதை ஏற்கெனவே இரண்டு முறை பெரிய அளவில் நடந்து முடிந்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நம்பிப் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,533 ஆண்களிடம் செலினியமும் வைட்டமின் இ-யும் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். 2011-ல் வெளிவந்த கணக்கில் வைட்டமின் இ மட்டும் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்று 17 சதவீதம் அதிகம். தினம் 400 யூனிட், பல வருடம். கருத்தரிப்புக்காக மூன்று மாதம் சாப்பிடுவதற்கும் அதற்கும் வேறுபாடு உண்டு, பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘வைட்டமின்தானே’ என்ற சமாதானம் செல்லாது என்பதற்குச் சொல்கிறேன்.

அப்படியானால் இந்த மாத்திரையால் யாருக்குமே பயனில்லையா? ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உண்மையாகவே மிகுந்துள்ள ஆண்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தால் பலன் தெரியலாம் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. 1987-லிருந்து இந்தத் துறையோடு வாழ்ந்துவரும் எய்ட்கனே 2021-ல் இதை வலியுறுத்தி எழுதினார்: இதுவரை நடந்த ஆய்வுகள், அந்தச் சிக்கல் இருக்கிறதா என்று சோதிக்காமலே ஆட்களைச் சேர்த்துக்கொண்டவை. ரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்காமல் கண்டவருக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுச் சராசரி போட்டால் என்ன கிடைக்கும்? கிளீவ்லாந்தில் அசோக் அகர்வால் குழு 2019-ல் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் மிகுந்த ஆண்களைத் தனி வகையாகப் பிரித்துப் பெயரிட்டு, விந்தின் ஆக்ஸிஜனேற்ற நிலையை அளக்கும் கருவியையும் முன்வைத்தது. ஆனால் தொடக்கநிலைப் பரிசோதனையில் டி.என்.ஏ. சிதைவைக்கூட அளக்கத் தேவையில்லை என்பதுதான் அமெரிக்க சிறுநீரகவியல் சங்கமும் இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலை. அதே வழிகாட்டுதல், ஆன்டிஆக்ஸிடன்ட், வைட்டமின் வகைகளின் பயன் கேள்விக்குரியது என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்லும்படி மருத்துவருக்கு அறிவுறுத்துகிறது. நம் ஊரில் அந்த வாக்கியத்தை யாரும் எடுத்துச் சொல்லக் காணோம்.

மாத்திரையின் விலை இங்கே பெரிய பிரச்சினையல்ல. அது எடுத்துக்கொள்ளும் மூன்று மாதம்தான் பிரச்சினை. மூன்று மாதத்துக்குப் பின் இன்னொரு மூன்று மாதமும் சேரும். கணவனின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று காத்திருக்கும் காலத்தில் கடிகாரம் ஓடுவது மனைவியின் கருமுட்டைக்கு. முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் என்பது சின்ன விஷயமில்லை. இன்னொன்று: எண்ணிக்கை குறைவு என்பது நோயின் பெயரல்ல, ஓர் அறிகுறி. அதன் காரணத்தைத் தேடாமல் மாத்திரை எழுதுவது, தேட வேண்டிய காரணத்தை மூடிவிடுகிறது. விரையின் சிரைகள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசில் பொதுவாக ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு உண்டு, குழந்தைப்பேறு தள்ளிப்போகும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம். நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பல ஆண்களுக்கு ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்த பரிசோதனையே நடப்பதில்லை. விந்தைப் புட்டியில் கொடுத்துவிட்டு முடிவைக் கையில் வாங்குவதோடு சரி. மனைவிக்கு மட்டும் ஸ்கேன், ரத்தம், ஊசி என்று வரிசையாக நடக்கும்.

ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இன்னொரு உதாரணம். ஆண்மைக்கான ஹார்மோன்தானே, விந்தணுவும் கூடும் என்று நினைக்கிறார்கள். வெளியிலிருந்து அது வந்ததும் மூளை தன் ஆணைகளை நிறுத்திவிடும், விரைக்குள் விந்தணு உற்பத்தி சரிந்து, சிலருக்கு அறவே நின்றுபோகும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். இப்படிப்பட்டவருக்குக் கோஎன்சைம் எழுதிக்கொடுத்து என்ன பயன்? கேட்டிருந்தால் ஒரு கேள்வியில் முடிந்திருக்கும். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, கட்டுப்பாடில்லாத சர்க்கரை, பழைய தொற்று என்று கேட்க வேண்டிய கேள்விகள் வேறும் உண்டு. இவற்றில் பல, விந்தில் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குபவையே. புகையை நிறுத்தினால் உற்பத்தியாகும் இடத்திலேயே அவை குறைகின்றன.

உணவு வழியாக முயன்றவர்களும் உண்டு. ஸ்பெயினில் 2018-ல் 119 ஆரோக்கியமான ஆண்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 60 கிராம் பாதாம், வால்நட், ஹேஸல்நட் கொடுத்து 14 வாரம் பார்த்தார்கள். எண்ணிக்கையும் அசைவும் கொஞ்சம் கூடின. இங்கும் எண்ணப்பட்டது விந்தணுதான், குழந்தையல்ல. 2002-ன் நெதர்லாந்து ஆய்வின்மீது வைத்த அதே குறையை இதன்மீதும் வைத்தாக வேண்டும். கொட்டைகளைத் தின்பதில் இதயத்துக்கு வேறு நன்மைகள் இருப்பதால் மட்டும் இதற்குச் சலுகை காட்ட முடியாது.

சரியான ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முதலில் விந்தின் ஆக்ஸிஜனேற்ற நிலையை அளக்க வேண்டும், மிகுந்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கில் சேர்க்க வேண்டும், பிறக்கும் குழந்தையை எண்ண வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும். அதை யார் செய்வார்கள் என்பதில்தான் விஷயம் நிற்கிறது. வைட்டமின் சி-க்கும் துத்தநாகத்துக்கும் யாரும் காப்புரிமை பெற முடியாது. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டம், இவற்றைத் துணைஉணவு என்று வகைப்படுத்தி, சந்தைக்கு வரும்முன் பலனை நிரூபிக்கும் கடமையிலிருந்து விடுவித்தது. இந்தியாவிலும் இவற்றில் பல மருந்துச் சட்டத்தின் கீழ் வராமல், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஊட்டப்பொருள் விதிகளுக்குள் விற்கப்படுகின்றன. விற்க ஆய்வு தேவையில்லை என்னும்போது, தோற்றுப்போகும் வாய்ப்புள்ள ஓர் ஆய்வுக்கு நிறுவனம் ஏன் பணம் போடும்? 2,370 தம்பதியரை வைத்துக் கணக்கைத் தீர்த்த அந்த ஒரு பெரிய ஆய்வும் அரசுப் பணத்தில்தான் நடந்தது.